மருந்துச் சீட்டில் உழவர் சந்தை

உழவர் சந்தைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது விலைப் பலகை. சில ஊர்களில் இன்னும் சாக்பீஸால் எழுதுகிறார்கள். சில ஊர்களில் மின்னணுப் பலகை வந்துவிட்டது. தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் என்று வரிசையாக அன்றைய விலை. மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் பெரும்பாலோர் உள்ளே போகிறார்கள்.

அந்த விலை வரும் வழி சுவாரசியமானது. விடிவதற்குள் சந்தை ஊழியர்கள் மொத்த விற்பனை மண்டியின் விலையை விசாரித்துவிடுவார்கள். வெளியே சில்லறைக் கடைகளில் என்ன விலை போகிறது என்றும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அதிகாரிகளும் உழவர் பிரதிநிதிகளும் கலந்து பேசி, மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கிற ஓர் இடத்தில் அன்றைய விலையை நிறுத்துவார்கள். மண்டியில் போட்டால் கிடைப்பதைவிட உழவருக்கு அதிகம். தெருமுனைக் கடையைவிட வாங்குபவருக்குக் குறைவு. கமிஷன் கிடையாது. கடை வாடகை கிடையாது. தராசும் சந்தையே கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கை 25 ஆண்டுகளுக்கு மேலாக விவசாயிக்கு எவ்வளவு லாபம், வாங்குபவருக்கு எவ்வளவு மிச்சம் என்றே பேசிவருகிறோம். மிச்சமான அந்த 15 சதவீதம் வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. கால் கிலோ அவரை கூடுதலாகப் பைக்குள் விழுந்ததா? வாரத்தில் ஒரு நாள் கீரை சமைத்த வீட்டில் மூன்று நாள் சமைத்தார்களா? அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அரைப் புள்ளியாவது ஏறியதா? உழவர் சந்தை வேளாண் துறையின் கையில் இருக்கிறது. சர்க்கரை நோயும் ரத்தசோகையும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பதிவேட்டில் இருக்கின்றன. இரண்டு துறைகளும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே தெருவில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 180க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. அவற்றை ஊரின் சுகாதார நிலையங்களாகவும் எண்ணி நடத்தத் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

மதுரையில் தொடங்கியது

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. இடைத்தரகர் இல்லாமல் உழவரே நேரடியாக விற்கிற ஏற்பாட்டை 1987இலேயே பஞ்சாப் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் தொடங்கியிருந்தது. 1999 ஜனவரியில் ஆந்திரம் ‘ரைத்து பஜார்’ திறந்தது. அதே ஆண்டிலேயே தமிழகமும் அந்த வழியில் இறங்கியது.

சிட்டா, அடங்கல் காட்டி, வேளாண் அலுவலர் தோட்டத்துக்கே வந்து என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் உழவருக்குப் புகைப்படத்துடன் அடையாள அட்டை கிடைக்கும். அட்டை இல்லாதவர் கடை போட முடியாது. காய்கறி மூட்டைகளை அரசுப் பேருந்தில் கட்டணமின்றிக் கொண்டுவர வழி செய்தார்கள். திட்டத்தின் எலும்பு இதுதான். இன்றும் அதே எலும்பில்தான் நிற்கிறது.

2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. கொட்டகை ஒழுகியது, உள்ளே வெறிச்சோடி, வாசலுக்கு வெளியே வியாபாரம் களைகட்டியது. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தபோது 50 சந்தைகளைப் புதுப்பிப்பதாகவும் 10 புதிய சந்தைகள் திறப்பதாகவும் அறிவித்தார்கள். ஒரு கட்சி தொடங்கியது என்பதற்காக மற்றொரு கட்சி வாட விட்ட திட்டங்களின் பட்டியல் நம் மாநிலத்தில் நீளமானது. அதில் சிக்கியும் மீண்டு வந்தது உழவர் சந்தை. காலையில் பையோடு வந்து நின்ற மக்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

இனி உடம்புக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது அது. அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். வயிறு நிறைகிறது, எடை ஏறுகிறது, ரத்தத்தில் மட்டும் சத்து இல்லை. அரிசி போதுமான அளவுக்கு வீடு வந்து சேர்ந்துவிட்ட ஒரு மாநிலத்தில் அடுத்து எது சேரவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. தமிழகத்தில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. பத்துப் பேர் இருக்கும் எந்தக் கூட்டத்திலும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர் ஒருவராவது இருப்பது நமக்குப் பழகிவிட்டது. அப்படிப் பழகியிருக்கவே கூடாது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி வேண்டும், அதில் 100 கிராம் கீரை. கூடவே 100 கிராம் பழம். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு வாரம் 11 கிலோ காய்கறி ஆகிறது. இதை ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் சொல்லிப் பாருங்கள். வாங்கக் காசுக்கு எங்கே போவது என்றுதான் பதில் வரும்.

காசு எங்கே போகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவு ஆய்வின்படி, இந்திய நகரக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் 10 ரூபாய்க்கு மேல் பானங்கள், பொட்டலத் தின்பண்டம், கடைச் சாப்பாடு ஆகியவற்றுக்குப் போகிறது. காய்கறிக்குப் போவது 4 ரூபாய்கூட இல்லை. இதற்காக மக்களைத் திட்டுவது எளிது, நியாயமில்லை. ஐந்து ரூபாய் பொட்டலம் எந்த நேரத்திலும், எந்தச் சந்திலும், கெடாமல் தொங்குகிறது. கீரைக்கட்டு அப்படித் தொங்க முடியாது. அது வாடும். வாடுகிற பொருளை வாடுவதற்குள் மக்கள் கையில் சேர்க்கிற வேலைதான் சந்தையின் வேலை.

ஒரு கீரைக்கட்டின் பயணம்

கோவை ஆர்.எஸ். புரம் சந்தையில் கீரை விற்கும் பெண்கள் உட்காரும் வரிசைக்குப் போனால் ஈரச் சாக்கின் வாசனை முதலில் வரும். சாக்கை விரித்து, வேர்ப் பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி கட்டுகளை அடுக்குவார்கள். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, பாலக். ஓரத்தில் இரண்டு கொத்து அகத்தி. வேரில் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருக்கும். “என்ன கண்ணு, தெனமும் சிறுகீரையே வாங்கிட்டுப் போற? மணத்தக்காளி கொண்டுபோ. வவுத்துப் புண்ணுக்கு நல்லது. தேங்காப்பால் ஊத்திச் செய், பசங்க சாப்பிடும்” என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டே கட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். கேட்ட பெண்ணும் மறுக்கவில்லை. “சரிங்கம்மா, எப்படிங்க வதக்கறது?” என்றுதான் கேட்டார். சமையல் குறிப்பு அங்கேயே, அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, நடந்து முடிந்தது.

அந்த வேர் மண்ணுக்கு மருத்துவ அர்த்தம் உண்டு. கீரையில் உள்ள இரும்பும் கால்சியமும் பறித்த பிறகு குறைந்துவிடுவதில்லை. இரண்டு நாள் கழித்துச் சமைத்தாலும் அவை இருக்கும். போவது சி வைட்டமினும் ஃபோலேட்டும். நம் ஊர் வெயிலில் வைத்த கீரையில் சி வைட்டமின் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும். தாவரத்தில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல உடம்பில் எளிதில் சேராது. அதைச் சேர்த்துவிடும் துணை சி வைட்டமின்தான். ஃபோலேட் புது ரத்த அணுக்கள் உருவாகத் தேவை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் குழந்தையின் தண்டுவடம் சரியாக அமைய மிகவும் தேவை. ஆக, பழைய கீரையிலும் இரும்பு இருக்கிறது, அதை உடம்புக்குள் இழுத்துச் செல்லும் ஆள்தான் இல்லை.

அடுப்பின் சூட்டிலும் சி வைட்டமின் அழியும் என்பதால் அதிகாலையில் பறித்த கீரையைக்கூட நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் பயன் பாதிதான். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிவது, கூடவே நெல்லிக்காய்த் துவையல் வைப்பது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது என மூன்றும் சேர்ந்தால் அந்தக் கீரை உடம்பில் ஒட்டும். டீயில் உள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். நம் பெண்களில் எத்தனை பேர் காலைச் சாப்பாட்டையே டீயால் கழுவிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த எலுமிச்சை விஷயத்தை ஒரு தட்டியில் எழுதிக் கீரை வரிசைக்கு மேலே தொங்கவிட எவ்வளவு செலவாகும்?

கீரையைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டிக்குப் பயணம் தாங்கும் காய்தான் பிடிக்கும். தோல் தடித்த தக்காளி, உருளை, கேரட், முட்டைக்கோஸ் போன்றவை லாரியில் 300 கிலோமீட்டர் வந்தாலும் நிமிர்ந்து நிற்கும். பிரண்டை நிற்காது. வாழைப்பூ கறுத்துவிடும். முடக்கத்தான், தூதுவளை, வல்லாரை, சுண்டைக்காய், பச்சை மொச்சை ஆகியவற்றை லோடு கணக்கில் எந்த வியாபாரியும் கேட்பதில்லை. வேலியோரம் படர்ந்ததை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு வரும் சிறு விவசாயி இருந்தால்தான் இவை நகரத்தின் சமையலறைக்குள் நுழையும். வாரத்துக்கு நாலு காயையே சுற்றிச் சுற்றிச் சமைக்கும் வீடுகளுக்கு உழவர் சந்தை தரும் பெரிய கொடை இந்தப் பலவகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலையைவிடவும் இது பெரிது.

மருந்து அடிக்காத காயா?

உழவர் சந்தைக் காய் என்றால் மருந்து அடிக்காதது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. உழவர் சந்தை இயற்கை விவசாயச் சந்தை அல்ல. கத்தரிக்கும் வெண்டைக்கும் காலிஃபிளவருக்கும் பூச்சிமருந்து அடிப்பவர்களும் அங்கே வருகிறார்கள். மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தினமும் பறித்தால்தான் காசு என்கிற காய்களில் அந்தக் காத்திருப்பைக் கடைப்பிடிப்பது சிரமம். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது.

ஆனால் இந்தச் சிக்கலைத் தீர்க்க உழவர் சந்தையைப்போல வசதியான இடம் வேறில்லை. பெரிய மண்டியில் ஒரு மூட்டைக் கத்தரியில் எச்சம் இருப்பது தெரிந்தால் அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே முடியும். விற்பவரிடம் அட்டை இருக்கிறது. அட்டையில் ஊர் இருக்கிறது. தோட்டத்தை ஏற்கெனவே நேரில் பார்த்த அலுவலர் இருக்கிறார். மாதம் ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை விலைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் போதும். தண்டிப்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். எச்சம் இருந்த தோட்டத்துக்கு அடுத்த வாரம் தோட்டக்கலை அலுவலர் போய் இனக்கவர்ச்சிப் பொறி எப்படிக் கட்டுவது, வேப்பங்கொட்டைக் கரைசல் எப்போது அடிப்பது என்று சொல்லிக் கொடுக்கட்டும். தான் விற்பதைச் சாப்பிடுகிறவரின் முகத்தை மறுநாள் பார்க்க வேண்டிய விவசாயி, முகமே தெரியாத ஏலக்கடைக்கு மூட்டை அனுப்புகிற விவசாயியைவிடச் சீக்கிரம் மாறுவார் என்று நான் நம்புகிறேன்.

பழங்களுக்கும் இதே காவல் வேண்டும். கால்சியம் கார்பைடு கல் வைத்து மாம்பழம் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது; ஆனாலும் ஒவ்வொரு சித்திரையிலும் டன் கணக்கில் பிடிபட்டதாகச் செய்தி வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுத்தமான காய்கனிச் சந்தை என்று சான்றிதழ் கொடுக்கும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. நம் உழவர் சந்தைகளில் சில அதை வாங்கியிருக்கின்றன. எல்லாச் சந்தைகளும் வாங்கும் நாள் வர வேண்டும்.

பெருந்தொற்று காட்டிக் கொடுத்தது

சந்தையின் அமைப்பே ஆரோக்கியத்தை எப்படித் தீர்மானிக்கும் என்பதை 2020 கோடையில் கண்ணெதிரே பார்த்தோம். சென்னை முழுவதற்கும் காய்கறி தரும் கோயம்பேடு ஏப்ரல் கடைசியில் கொரோனாவின் பெரிய மையமானது. அங்கே வந்துபோன லாரி ஓட்டுநர்கள், சுமை தூக்குபவர்கள், சில்லறை வியாபாரிகள் வழியாகத் தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியது. மே 5 அன்று சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். ஒரு பெருநகரத்தின் சமையலறை முழுவதும் ஒரே வாசலை நம்பியிருந்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

அதே வாரங்களில் மாவட்டங்களில் உழவர் சந்தைகளைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நின்று மக்கள் காய் வாங்கினார்கள். அடையாள அட்டை உள்ள உழவர்கள் யார், எந்த ஊர் என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் சில நாட்களுக்குள் இதைச் செய்ய முடிந்தது. சென்னை நகருக்குள் மட்டும் இந்தச் சிறிய சந்தைகள் மிகக் குறைவு. மாநிலத்தின் மிகப் பெரிய நகரத்தில், நடந்துபோகும் தூரத்தில் உழவர் சந்தை இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பகுதிகளில்தான் இருக்கிறார்கள். இடம் இல்லை என்பது பழைய பதில். மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதானே கிடக்கிறது?

ஆறு மணிக்கு வருகிறவர்கள்

இத்தனை சொல்லியும் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அது நேரம். உழவர் சந்தை விடியற்காலையில் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குள் நல்ல காய் போய்விடும். மதியத்தோடு கடை எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் யார் வர முடியும்? காலை நடை முடித்துவிட்டு வரும் ஓய்வு பெற்றவர்கள். வண்டி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தினர். பணக்கார வீட்டுச் சமையல்காரர்கள். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் காலை எட்டரை மணிக்குள் சாப்பாடு கட்டி, பிள்ளையை அனுப்பி, கம்பெனி வண்டி ஏற வேண்டும். அவர் வீடு திரும்புவது இரவில். கட்டட வேலைக்குப் போகிறவருக்குக் கூலி கைக்கு வருவதே சாயங்காலம். அந்த நேரத்தில் அவர்கள் கையில் காசு இருக்கிறது. திறந்திருப்பது பரோட்டாக் கடையும் பேக்கரியும் பொட்டலம் தொங்கும் பெட்டிக்கடையும்தான். தள்ளுவண்டியில் காய் கிடைத்தாலும் காலையிலிருந்து வெயில் குடித்த காய், காலையைவிடக் கூடுதல் விலையில்.

ரத்தசோகை யாருக்கு அதிகம், கட்டுப்பாடில்லாத சர்க்கரை யாருக்கு அதிகம் என்று பார்த்தால் இவர்களின் வீடுகள்தான் முன்னால் நிற்கும். இருப்பதிலேயே மலிவான, இருப்பதிலேயே புதிய காய்கறியை அரசே ஏற்பாடு செய்து தருகிறது. அது மிகவும் தேவைப்படுகிறவர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் தருகிறது.

அண்மை ஆண்டுகளில் சில உழவர் சந்தைகளில் மாலை நேரத்திலும் கடை போட இடம் கொடுத்திருக்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அங்கே சிறுதானியம், பருப்பு, செக்கெண்ணெய் விற்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் மாலையில் காய்கறி வேண்டும், கீரை வேண்டும். விவசாயிக்கு இது சுமைதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்தவரை இரவு எட்டு மணி வரை உட்காரச் சொல்ல முடியாது. அதற்காகவே மாலைக்கென்று வேறு அணி வேண்டும். நகரத்தை ஒட்டிய பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கீரை போடுகிறவர்கள் மதியம் பறித்து நாலு மணிக்கு வரலாம். உழவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, குழுவாக ஒருவரிடம் கொடுத்து விற்கலாம். பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருவின் முனைக்கே சந்தையின் வண்டி போய் நிற்கலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றோமே. ரேஷன் கடையில் காய்கறி விற்க முடியும் என்று அன்றைக்கு நிரூபித்துவிட்டோம். விலை ஏறினால்தான் அந்த வழி ஞாபகம் வர வேண்டும் என்றில்லை.

டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கைசர் பெர்மனன்டே மருத்துவமனையில் பிரஸ்டன் மேரிங் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். 2003இல் அவர் மருத்துவமனை வாசலிலேயே வாரம் ஒருமுறை உழவர் சந்தை நடத்த ஏற்பாடு செய்தார். நோயாளியும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் வீட்டுக்குப் போகும்போது காய்கறிப் பையோடு போனார்கள். அந்த யோசனை பிறகு அதே நிறுவனத்தின் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. அந்த நாட்டு அரசு 1992இலிருந்தே, வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளின் தாய்மார்களுக்கும் உழவர் சந்தையில் மட்டும் செல்லும் கூப்பன் கொடுக்கிறது. அந்தக் காசில் காயும் பழமும் கீரையும் தவிர வேறெதுவும் வாங்க முடியாது. காசு நேராக விவசாயிக்குப் போய்விடும்.

இதற்குத் தேவையான எல்லா உறுப்புகளும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு மாத்திரை போகிறது என்ற விவரம் அந்தப் பணியாளர்களின் கையில் இருக்கிறது. மாத்திரையோடு, “வாரம் இரண்டு நாள் உழவர் சந்தைக்குப் போங்க, பீர்க்கனும் புடலையும் கொத்தவரையும் வாங்குங்க, சோற்றைக் குறைச்சுப் பொரியலைக் கூட்டுங்க” என்று ஒரு சீட்டும் வீட்டுக்குப் போகலாம். அந்தச் சீட்டைச் சந்தையில் காட்டினால் பத்து ரூபாய் தள்ளுபடி என்றால் சீட்டுக்கு மரியாதை வந்துவிடும்.

கர்ப்பிணிகள் விஷயம் இதைவிட எளிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் தருகிறோம். அதில் 4,000 ரூபாய் மதிப்பு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகப் போகிறது. பெட்டகத்தில் சத்துமாவும் பேரீச்சையும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கின்றன. எல்லாம் கெடாத பொருட்கள். கெடாததாக இருந்தால்தான் பெட்டியில் போட முடியும் என்பதால் கீரைக்கும் பழத்துக்கும் அங்கே இடமே இல்லை. 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவு செய்த பெண்ணுக்குப் பிரசவம் வரை 28 வாரம் இருக்கிறது. வாரம் நான்கு கட்டுக் கீரை, கட்டு 15 ரூபாய் என்று வைத்தாலும் 1,680 ரூபாய்தான் ஆகும். இதைச் சந்தையில் மட்டும் செல்லும் கூப்பனாகக் கொடுத்தால், பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை உள்ள மாநிலத்தில் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் பிறப்பு எடையைக்கூட அது தொடலாம்.

அங்கன்வாடிக்கும் சத்துணவு மையத்துக்கும் தேவையான காய்கறியை அந்தந்த ஊரின் உழவர் சந்தையிலிருந்தே வாங்கச் சொல்வதும் இந்த வழியில்தான் வரும். சத்துணவு சமைக்கும் அம்மாக்கள் இப்போது தங்களுக்குக் கொடுக்கும் சொற்பத் தொகைக்குள் கிடைத்ததை வாங்குகிறார்கள். சந்தையோடு ஒப்பந்தம் இருந்தால் விவசாயிக்கும் நிச்சயமான ஒரு வாடிக்கை கிடைக்கும். மதியம் மிஞ்சுவது மண்ணில் கொட்டப்படாது.

கடை போடுகிறவர்

வாங்குகிறவரின் ஆரோக்கியத்தைப் பற்றியே இதுவரை பேசிவிட்டேன். விற்கிற பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். நடு இரவில் எழுந்து, முந்தைய சாயங்காலமே பறித்துக் கட்டிய கட்டுகளைத் தலையில் ஏற்றி, முதல் பேருந்தைப் பிடித்து, நாலரை மணிக்கு இடம் பிடித்து உட்கார்கிறார். காலைச் சாப்பாடு ஒரு டீயும் ஒரு பன்னும். குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ ஆறு மணி நேரம் சிமென்ட் தரையில் உட்கார வேண்டும். கழிப்பறை அசுத்தமாக இருந்தால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. பக்கத்தில் ஆண்கள் பீடி பிடிக்கும் புகையையும் அவர்தான் சுவாசிக்கிறார். தன் கையால் ஊருக்குக் கீரை கொடுக்கும் இவர் தன் வீட்டுக்குத் திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தோட்டத்துக்குப் போவார். ரத்தசோகை உள்ள 53 சதவீதத்தில் அவரும் ஒருவராக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

சந்தையைச் சுகாதார நிலையமாக்குவது இவரிடமிருந்து தொடங்க வேண்டும். பெண்களுக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. குடிதண்ணீர்க் குழாய். உட்கார உயரமான மேடை. கேழ்வரகுக் கூழோ இட்லியோ மலிவாகக் கிடைக்கும் ஒரு சிறு உணவகம். அதை நடத்த மகளிர் சுய உதவிக் குழு எந்த ஊரிலும் கிடைக்கும். மாதம் ஒரு நாள், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் விடிகாலை ஐந்து மணிக்கு ரத்த அழுத்தக் கருவியோடும் ஹீமோகுளோபின் சோதனைக் கருவியோடும் சந்தையில் மேசை போட வேண்டும். அந்த நேரத்தில் நாற்பது வயது தாண்டியவர்கள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கூடுவது வேறெங்கும் கிடையாது. வாங்க வந்தவர்களும் வரிசையில் நிற்கலாம். விற்கிறவர்களுக்கு முதலில் பார்க்கட்டும்.